வல்லிபுரத்தார் மகன் வைத்த பெயர்

ஹரோவில் இருக்கும் புவனேந்திரனைக் கேட்டால், தான் ஒருவருக்கும் தீங்கு நினைக்காத ஆள் என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டுத் தாடையைச் சொறிந்தபடி, "ஒருத்தனைத் தவிர" என்பார். அந்த ஒருத்தனை அவர் பழிவாங்கியது கத்தியாலும் இல்லை, கோர்ட்டு வழக்காலும் இல்லை. 'அம்' என்ற இரண்டே எழுத்தால்.

அந்த ஒருத்தனின் பெயர் துஷன். செக் நாட்டுக்காரன், நாற்பத்தைந்து வயது, ஆறடிக்கு மேல் உயரம். ஹோட்டல்களின் கட்டில் விரிப்பும் துவாயும் லொறி லொறியாக வந்து இறங்கும் ஒரு சலவைத் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் மனேஜர். மனேஜரை 'அவன்' என்பது மரியாதை இல்லைதான். ஆனால் புவனேந்திரன் மனசுக்குள் ஆறு வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கதையும் அவர் பக்கம்தான் நிற்கிறது.

சண்டை ஒரு பெயரில் தொடங்கியது. புவனேந்திரனின் தகப்பனார் பெயர் வல்லிபுரம். பருத்தித்துறை பஸ் டிப்போவில் பஸ் நேரம் குறிக்கும் ரைம்கீப்பராக இருந்தவர். ஊரில் யாரும் அவரை வெறும் வல்லிபுரம் என்று சொன்னது கிடையாது, வல்லிபுரத்தார் என்பார்கள். அம்மாவோ அந்தப் பெயரை ஒருநாளும் வாயால் உச்சரித்ததே இல்லை. யாராவது படிவம் நிரப்ப வந்து கணவர் பெயரைக் கேட்டால் மகனைக் கூப்பிடுவார்: "தம்பி, இவைக்கு அப்பாவின்ர பேரை ஒருக்காச் சொல்லு."

நம் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். பாஸ்போர்ட்டில் 'வல்லிபுரம் புவனேந்திரன்' என்று ஒரே வரியில் கிடந்ததை, ஐரோப்பாவில் ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் இரண்டாகப் பிரித்தார். முதல் சொல் ஆளின் பெயர், இரண்டாவது குடும்பப் பெயர். அன்றோடு தகப்பனார் மகனாகிவிட்டார், மகன் குடும்பமாகிவிட்டார். திருத்தப் போனால் பத்துக் கடிதம் கேட்பார்கள். அகதி மனு கையில் வைத்திருப்பவர் பெயர் முன்பின்னுக்கெல்லாம் சண்டை பிடிக்க ஏலுமா? விட்டுவிட்டார்.

அவர் 1999இல் புறப்பட்டது லண்டனுக்குத்தான். ஏஜென்ட் பிராக் நகரத்தில் இறக்கிவிட்டு மாயமாகிவிட்டான். பிடிபட்டு, முகாமில் இருந்து, கடைசியில் ப்ர்னோ நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து அங்கேயே பதினைந்து வருடம் ஓடிவிட்டது. 2007இல் தகப்பனார் இறந்தார். அப்போது சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டு, இவரிடமோ பயணம் செய்யப் பத்திரம் இல்லை. மூத்த மகன் இருக்க, ஒன்றுவிட்ட தம்பி கொள்ளி வைத்தான். அந்தக் குறை அவருக்கு ஆறவே இல்லை. அப்பாவுக்கு என்று தான் செய்தது ஒன்றுமில்லை, அவர் பெயரைச் சுமந்து திரிவதைத் தவிர என்று மனைவி கலாவதியிடம் அடிக்கடி சொல்வார்.

ப்ர்னோவில் அவருக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் போகுமில். 'கடவுளுக்குப் பிரியமானவன்' என்று அர்த்தம், ஆனால் மனிதர் தேவாலயத்தின் வாசற்படியைக்கூட மிதிக்காதவர். செக் நாட்டில் காலண்டரின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்க்காரன் அன்றைக்குக் கேக் வாங்கிவர வேண்டும், மற்றவர்கள் கை குலுக்க வேண்டும். கேக் தின்றபடியே போகுமில் பெயர்களைப் பிரித்துப் போட்டு விளங்கப்படுத்துவார். மிரோஸ்லாவ், அமைதியால் புகழ் பெற்றவன். யாரோஸ்லாவ், வீரத்தால் புகழ் பெற்றவன். ஸ்வாதோப்லுக், வலிய படை உடையவன். "உங்கட பேரெல்லாம் எங்கட பேர் மாதிரியே ரெண்டு சொல்லை ஒட்டித்தான் வைச்சிருக்கு" என்று புவனேந்திரனுக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம். தன் பெயரையும் பிரித்துக் காட்டினார்: புவனம், இந்திரன். போகுமில் கொஞ்சம் யோசித்தார். "உலகத்துக்கு அரசனா? அப்படியென்றால் நீ விளாதிமிர்!" அந்த வருடம் மே இருபத்துமூன்றாம் தேதி, விளாதிமிரின் நாளில், புவனேந்திரன்தான் கேக் வாங்கினார்.

ஆகவே கடைசியில் லண்டனுக்கே வந்து சேர்ந்து, 2018இல் இந்தச் சலவைத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து, மனேஜரின் கதவில் துஷன் என்ற பெயரைக் கண்டபோது அவருக்கு ஊர்க்காரனைக் கண்ட சந்தோஷம். செக் மொழியில் ஒருவரைக் கூப்பிடும்போது பெயரின் கடைசியில் ஓர் 'எ' சேர்க்க வேண்டும். தமிழில் 'கண்ணனே' என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். "துஷனெ, வணக்கம்!" என்று செக்கிலேயே தொடங்கி, தன் பெயர் புவனேந்திரன், அர்த்தம் விளாதிமிர் என்று சொல்லிக் கையை நீட்டினார்.

துஷன் கையைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய வேலை அட்டையைப் பார்த்தான். "இங்கே இங்கிலீஷ் மட்டும். இதில் முதல் பெயர் வல்லிபுரம் என்று இருக்கிறது. நீளம். நீ இனி வொலி."

"அது என்ர அப்பாவின்..." என்று புவனேந்திரன் ஆங்கிலத்தில் தொடங்குவதற்குள், பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார லொறி டிரைவர் வாய்விட்டுச் சிரித்தான். வொலி என்றால் இந்த நாட்டில் மடையன் என்று அர்த்தம். அதை டிரைவரே துஷனுக்குச் சொல்லிக்கொடுத்தான். துஷனும் சிரித்தான். "நல்லது, மறக்காது" என்றான்.

இதில் பெரிய எரிச்சல் என்னவென்றால், அதே துஷனுக்குத் தன் பெயரில் ஒரு புள்ளி பிசகினாலும் பொறுக்காது. அவன் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எஸ் எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கொக்கி வர வேண்டும். கொக்கி இல்லாமல் வந்த கடிதத்தைத் திருப்பி அனுப்பிய ஆள் அவன். புதிதாக வேலைக்கு வரும் எல்லோரையும் நிறுத்திவைத்து, "என் பெயர் துஷன். துஷெ என்றால் ஆன்மா. என் பெயருக்கு ஆன்மா இருக்கிறது" என்று பிரசங்கம் வைப்பான்.

ஆறு வருடம். ஒலிபெருக்கியில் ஒரு நாளைக்குப் பத்துத் தரம். "வொலி, இங்கே வா." "வொலி, தூங்குகிறாயா?" "வொலி செய்த வேலையைப் பாருங்கள்." அம்மா வாழ்நாள் முழுக்க மரியாதைக்காகச் சொல்லாமல் வைத்திருந்த பெயரைத் துண்டாக்கி, அந்தத் துண்டை வைத்து ஏசினான். ஏச்சு தனக்கு என்றால் புவனேந்திரன் துடைத்துவிட்டுப் போயிருப்பார். அது அப்பாவுக்கு அல்லவா விழுந்தது! இரண்டு தரம் அவனுடைய அறைக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தார். "அட்டையில் என்ன இருக்கிறதோ அதுதான்" என்று கதவைக் காட்டினான்.

போன வருடம் மாசி மாதம் அப்பாவின் திவசம் வந்தது. காலையில் விரதச் சோற்றைப் படைத்துவிட்டு, நெற்றியில் திருநீற்றோடு வேலைக்குப் போனார். யாரோ சிவப்பு ஏப்ரன் ஒன்றை வெள்ளை விரிப்புகளோடு சேர்த்து மெஷினில் போட்டுவிட்டார்கள். நானூறு விரிப்பும் ரோஸ் நிறம். போட்டது இவர் இல்லை, இவர் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் ஒலிபெருக்கி இப்படிச் சொன்னது: "எல்லோரும் கவனியுங்கள். வொலி ஒரு கழுதை. வொலியின் தலைக்குள் ஒன்றுமே இல்லை. வொலி உயிரோடு இருப்பதே வீண்."

திவசத்தன்று. உயிரோடு இல்லாத மனிதரை.

புவனேந்திரன் மடித்துக்கொண்டிருந்த துவாயை அப்படியே வைத்துவிட்டார். அவனுடைய கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது, வாய்க்குள் பக்கத்தில் கிடந்த அழுக்குத் துணி மூட்டையைத் திணிக்க வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் விரிப்பு மடிக்கும் நகுலேஸ்வரியக்கா பயந்துபோய், "தம்பி, பேசாமல் இரும்" என்றார். அந்த நேரத்தில்தான் போகுமில் எப்போதோ சொன்ன ஒரு பழைய பெயர் ஞாபகம் வந்தது. ம்ஸ்திஸ்லாவ். பழங்காலத்து இளவரசர்கள் வைத்துக்கொண்ட பெயர், இப்போது ஒருவரும் பிள்ளைக்கு வைப்பதில்லை. பழி வாங்குவதால் புகழ் பெற்றவன் என்று அர்த்தம். புவனேந்திரன் அந்தப் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். காலண்டரைப் பார்த்தார். துஷனின் பெயர்நாள் ஏப்ரல் ஒன்பது.

அன்றைக்குக் கேக்கோடு போனார். பெயர்நாளைக் கொண்டாட வேண்டியவனுக்கு மற்றவர் கேக் கொண்டுவருவது தலைகீழ் வழக்கம், துஷனுக்கு ஆச்சரியத்தில் கண் விரிந்தது. லண்டனுக்கு வந்த பிறகு அவனுடைய பெயர்நாளை ஒருவரும் நினைத்ததில்லையாம். புவனேந்திரன் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "எங்களில் பெரிய மனிதர்களின் பெயர் 'அம்' என்று முடியும். ஆறுமுகம், சண்முகம், வல்லிபுரம். அதுதான் எங்கள் மரியாதை. இன்று முதல் நாங்கள் உங்களைத் துஷன் என்று சொல்லமாட்டோம். துஷனம் என்போம்."

தமிழ் வாயில் அது எப்படி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. தூசணம். யாழ்ப்பாணத்தில் வீட்டில் சொல்லக்கூடாத கெட்ட வார்த்தைகள் அத்தனைக்கும் சேர்த்து வைத்திருக்கும் பெயர். பிள்ளைகள் தூசணம் கதைத்தால் வாயில் மிளகாய் தேய்ப்பார்கள்.

கேக் துண்டை வாயில் வைத்த நகுலேஸ்வரியக்காவுக்குப் புரையேறிவிட்டது. "அக்கா அழுகிறாரா?" என்று துஷன் கேட்டான். "மரியாதையில் தொண்டை அடைத்துவிட்டது" என்றார் புவனேந்திரன்.

அதன் பிறகு அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த பதினேழு தமிழருக்கும் ஒவ்வொரு நாளும் நல்லூர்த் திருவிழாதான். "தூசணம் வாறார், தூசணம் வாறார்!" "குட் மோர்னிங் தூசணம்!" "தூசணம் இண்டைக்கு முகம் சரியில்லை." அவனோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். மே மாதம் கதவில் புதிய பலகை போட்டான்: கொக்கியோடு துஷன், அதற்குப் பின்னால் 'அம்'. புவனேந்திரன் அதைப் போனில் படம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கலாவதி பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "காணுமப்பா. விட்டுடுங்கோ."

"ஏன் விட? என்ர அப்பாவை இன்னும் வொலி எண்டுதானே கூப்பிடுறான். நான் இவனைத்தான் சொல்லுறன், இவன்ர அப்பனைச் சொல்லேல்லையே. சரிக்குச் சரி இன்னும் வரேல்லை."

ஜூலையில் சரிக்குச் சரி வந்தது. துஷன் ஒரு கிழமை லீவில் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. கறுப்புக் கரை போட்ட ஒரு மரண அறிவித்தலைக் கையில் வைத்துக்கொண்டு புவனேந்திரனின் மேசைக்கு வந்தான். அவனுடைய தகப்பன் செத்துவிட்டார். அறிவித்தலில் பெரிய எழுத்தில் பெயர்: துஷன்.

"எங்கள் வீட்டில் மூத்த மகனுக்குத் தகப்பன் பெயர்தான்" என்றான். "என் பெயரும் அவருடையது. பிளேன் தாமதம், நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. உங்கள் கோயிலில் இறந்தவர்களின் பெயர் சொல்லிப் பிரார்த்திப்பார்களாமே, நகுலா சொன்னாள். இந்த நாட்டில் அவர் பெயரை மரியாதையோடு சொல்வது நீங்கள்தான். என்னைக் கூட்டிக்கொண்டு போ, வொலி."

அப்போதும் வொலி. புவனேந்திரனுக்கு இரக்கம் வரப் பார்த்து, அந்தச் சொல்லில் முட்டித் திரும்பிப் போய்விட்டது. "ஓம்" என்றார். "ஞாயிற்றுக்கிழமை வாங்கோ."

ஞாயிறு காலை ஆர்ச்வே ஸ்டேஷனில் சந்தித்து, இருவரும் ஏற்றத்தில் முருகன் கோயிலுக்கு நடந்தார்கள். துஷன் கோட்டு போட்டு வந்திருந்தான். சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காக வைத்தான். அந்தப் பெரிய வெள்ளைக் கால்களைப் பார்க்கப் புவனேந்திரனுக்கு என்னவோ செய்தது. அப்பாவின் கடைசிக் காரியத்துக்குத் தன்னால் போக முடியாதது போலத்தான் இவனுக்கும் நடந்திருக்கிறது என்று நினைத்தார். நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டார்.

கோயில் நிறைய ஆட்கள். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார்: "மோட்ச அர்ச்சனையோ? இறந்தவரின்ர பேர்?"

புவனேந்திரன் வாயைத் திறந்தார். சரியாகத்தான் சொல்லப்போனார், அது மட்டும் உண்மை. "துஷ..." என்று தொடங்கியதும் பின்னால் நின்றவன் முன்னால் வந்தான்.

"இல்லை, முழுதாகச் சொல். மரியாதையோடு." பிறகு ஐயரைப் பார்த்து, தமிழர்களிடம் கேட்டுப் பழகிய உச்சரிப்பு ஓர் எழுத்தும் பிசகாமல், கணீரென்று சொன்னான்: "தூசணம்! மை ஃபாதர். தூசணம்!"

தூணோரம் நின்ற இரண்டு இளம் பெட்டைகள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்கள். ஒரு பெரியவர், "சந்நிதியில என்ன கதை இது!" என்று சத்தம் போட்டார். துஷன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். சிரிக்கிறார்கள் என்று கண்டுகொண்டான், ஏன் என்று தெரியவில்லை.

ஆறு வருடமாகப் புவனேந்திரன் கனவு கண்டது இதைத்தான். ஊர் பார்க்க, அவன் வாயாலேயே, அவன் அப்பன் பெயரில். ஒரு கணம் உடம்பெல்லாம் இனித்தது. அப்பா, பாருங்கோ என்று சொல்லக்கூட வாய் வந்தது. ஆனால் ஐயர் இன்னும் தட்டைப் பிடித்தபடி இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தச் சொல்லை முருகனுக்கு முன்னால் சொல்வதா என்று.

"ஐயா, ஆத்மா எண்டு சொல்லுங்கோ" என்றார் புவனேந்திரன். "அந்தப் பேரின்ர கருத்து அதுதான்."

அர்ச்சனை நடந்தது. வெளியே வந்து சப்பாத்தைப் போடும்போது துஷன் கேட்டான்: "ஏன் சிரித்தார்கள்?"

புவனேந்திரன் செக் மொழியில் பதில் சொன்னார். ஆறு வருடத்துக்குப் பிறகு அவனோடு செக்கில் பேசினார். இரண்டு எழுத்தின் கதையைச் சொன்னார். அந்தச் சொல் என்னவென்று மறைக்காமல் சொன்னார். பிறகு சொன்னார்: "வொலி நான் இல்லை. வல்லிபுரம் என் அப்பா. செத்துவிட்டார். என்னாலும் போக முடியவில்லை. நீ ஆறு வருடமாக ஒலிபெருக்கியில் ஏசியது அவரை. உன் அப்பாவை நாங்கள் ஏசியது மூன்று மாதம்தான்."

துஷன் ஒரு சப்பாத்தைப் போட்டு மற்றதைக் கையில் வைத்தபடி இருந்தான். முகம் வெளிறி, பிறகு சிவந்தது. "முதலே சொல்லியிருக்கலாம்."

"முதல் நாளே சொன்னேன். நீ சிரித்தாய்."

அவன் மற்றச் சப்பாத்தைப் போட்டு, லேஸைக்கூடக் கட்டாமல் இறக்கத்தில் ஸ்டேஷன் பக்கம் நடந்து போனான். புவனேந்திரன் தனக்கு வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனார். மனேஜர் கதவில் பலகை இல்லை, ஆணித் துளைகள் நான்கு மட்டும் இருந்தன. ஏழு மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. தமிழர் பதினேழு பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். துஷனின் குரல் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக எண்ணி வைப்பது போல வந்தது. வீட்டில் இருந்து பழகியிருக்க வேண்டும்.

"மிஸ்டர் வல்லிபுரத்தின் மகன், மிஸ்டர் புவனேந்திரன். அழுக்குத் துணிப் பகுதிக்குப் போகவும். மறு அறிவித்தல் வரும்வரை."

அழுக்குத் துணிப் பகுதி என்றால் வாந்தியும் இரத்தமும் மற்றதும் ஊறிய விரிப்புகளைக் கையால் பிரிக்கும் இடம். ஒரு கிழமைக்கு மேல் அங்கே ஒருவரையும் விடுவதில்லை. நகுலேஸ்வரியக்கா தலையில் கை வைத்தார். "உவன் பழி வாங்கிப்போட்டான், தம்பி!"

புவனேந்திரன் கையுறைகளை மாட்டினார். மாடியில் மனேஜரின் கண்ணாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "வாறன், துஷனே!" செக்கிலும் அது சரி, தமிழிலும் அது சரி. இனி அதில் ஓர் எழுத்துக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அது எட்டு மாதத்துக்கு முந்திய கதை. ஒவ்வொரு காலையும் அதே அறிவித்தல்தான், மறு அறிவித்தல் இன்னும் வரவில்லை. இவர் இன்னும் அந்த நாற்றத்துக்குள்தான் நிற்கிறார். வீட்டுக்கு வந்தால் கலாவதி நேரே குளியலறைக்குத் துரத்துகிறாள். போன கிழமை அவளுக்குப் பொறுக்காமல் கேட்டுவிட்டாள்: "இஞ்சருங்கோப்பா, ஃபாரஸ்ட் கேட்டில என்ர அண்ணையின்ர கடையில ஆள் தேடுகினமாம். இந்தச் சனியனை விட்டுப்போட்டு அங்க போங்கோவன்."

புவனேந்திரன் நகத்துக்குள் இருந்த அழுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"போகலாம்தான்," என்றார். "ஆனால் அண்ணையின்ர கடையில ஆர் ஒவ்வொரு நாளும் காலமை ஏழு மணிக்கு அப்பாவின்ர பேரை மைக்கில முழுசாச் சொல்லுவினம்?"